நீதிமன்றத்தில் ஒரு விசுவாசி: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

யூபிலி மலர்களில் வழக்கமாக இடம்பெறுவது குருக்களின் வரலாறும் கன்னியரின் வரலாறுமே. அவர்கள் மலையேறி வந்து பட்ட பாட்டை நாம் மறக்கக்கூடாது. இம்மலரிலும் அவர்களுக்குரிய பக்கங்கள் உள்ளன. ஆனால் அன்பியக் கூட்டங்களில் நம் பொதுநிலையினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஞாயிறு திருப்பலியில் கேட்கும் வசனத்தைத் திங்கட்கிழமை வேலைக்கு எப்படிக் கொண்டுபோவது? மிளகும் காப்பியும் வாங்கி விற்பவர் தராசோடு மல்லாட வேண்டும். ரேஷன் கடையில் நிற்பவருக்கு அளவின் சோதனை, காட்டிலாகாவில் இருப்பவருக்குக் கண்டும் காணாதிருக்கும் சோதனை. லாரி ஓட்டுபவருக்கோ வழியெல்லாம் கையை நீட்டுவோர். எல்லாரும் செய்கிறார்கள், நான் ஒருவன் செய்யாவிட்டால் பிழைப்பு ஓடுமா என்ற கேள்விக்குப் பிரசங்கத்தில் ஒரு பதில் கிடைக்கிறது. சந்தையில் வேறொரு பதில் கிடைக்கிறது.

இதற்கு விடை தேடியபோது, குருவாகவும் இல்லாமல் துறவியாகவும் இல்லாமல், சர்க்கார் உத்தியோகத்திலேயே காலம் கழித்த கத்தோலிக்கர் ஒருவரின் நினைவு நமக்கு வந்தது. அவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. பள்ளிப் பாடத்தில் தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று இவர் பெயரை நம் பிள்ளைகள் படித்திருப்பார்கள். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் என்பதும், நாவல் எழுதுமுன் பல்லாண்டு நீதிமன்றத்தில் உழைத்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

நம் மலைக்கே உரிய பெரியோர் இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள். 1913 முதல் 1929 வரை இம்மலையில் உழைத்து இங்கேயே காய்ச்சலில் உயிர்விட்ட ஜெஸ்ஸி பிராண்டு துரை பிராட்டஸ்டன்ட் சபையினர் ஆயினும், அவர் பெயரை நாம் நன்றியோடு சொல்லக் கடமைப்பட்டவர்களே. அவர் மனைவி ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டு இறங்க மறுத்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரே பொருத்தமானவர். அவரும் நமக்கு அயலார் அல்லர். புளியஞ்சோலைப் பக்கமாக மலையிறங்கினால் கால் வைப்பது திருச்சி மாவட்டம். அந்தத் திருச்சிராப்பள்ளிச் சீமையிலுள்ள குளத்தூர்தான் அவர் பிறந்த ஊர்.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். வேளாளர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அக்காலத்தில் கும்பினியார் ஆட்சி. ஆங்கிலம் தெரிந்தால் உத்தியோகம் கிடைக்கும் என்ற நிலை தொடங்கியிருந்தது. ஆனால் ஆங்கிலம் சொல்லித்தரப் பள்ளிகள் அதிகம் இல்லை. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளை என்பவரிடம் வேதநாயகம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஆசிரியரே நீதிமன்றத்து ஆள் என்பதால், மாணாக்கனும் அந்த வழியிலேயே போனதில் வியப்பில்லை. 1848-ல் அதே ஊர் நீதிமன்றத்தில் பத்திரங்களைப் பாதுகாக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 22.

பத்திரக் காப்பாளர் வேலை என்றால் ஏதோ அலமாரியைப் பூட்டித் திறக்கும் வேலை என்று எண்ணிவிடக்கூடாது. வழக்காடும் குடியானவனுக்கு நீதிபதியைவிட அந்த ஆளே பெரிய ஆள். தீர்ப்பின் நகல் வேண்டுமா, பழைய பட்டயம் வேண்டுமா, எல்லாம் அவர் கையில். இன்று தருகிறேன் என்றால் இன்று. பத்து நாள் கழித்து வா என்றால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வழக்காளி பட்டணத்தில் சத்திரத்துச் சோற்றைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். அதைவிட எட்டணாவை நீட்டிவிட்டு ஊர் திரும்புவது லாபம் என்று அவனுக்கே தோன்றிவிடும். கொடுப்பவனும் அதைப் பாவம் என்று நினைப்பதில்லை, வாங்குபவனும் நினைப்பதில்லை. அதற்கு மாமூல் என்று பெயர். மாமூல் என்றால் வழக்கம் என்றுதானே பொருள்? வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் மனச்சான்று தூங்கப் போய்விடுகிறது. திருடு என்று பெயர் வைத்திருந்தால் இத்தனை பேர் வாங்கமாட்டார்கள். சம்பளம் சொற்பம், கூட்டுக்குடும்பம் பெரிது, மேலே இருக்கும் துரைக்குத் தமிழ் தெரியாது. ஆக, கீழே இருப்பவர்களை யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

இந்தச் சூழலில் பழகியவர் வேதநாயகம். லஞ்சம் எங்கே, எந்த மேசையில், எந்தக் காரணத்தால் பிறக்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவர். பின்னாளில் அவர் செய்த பல காரியங்களுக்கு இந்தப் பழக்கமே அடிப்படை என்பது நம் கருத்து.

அடுத்து அவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார். இதுவும் சோதனை நிறைந்த வேலைதான். சாட்சி தமிழில் சொல்வதைத் துரை ஆங்கிலத்தில் கேட்கிறார். நடுவில் நிற்பவர் ஒருவர். குத்தகைக்கு விட்டேன் என்பதற்கும் ஒத்திக்கு விட்டேன் என்பதற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம், நிலமோ கைமாறிவிடும். இங்கே பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வார்த்தையைக் கொஞ்சம் தளர்த்திச் சொன்னாலே போதும். அதைக் கண்டுபிடிக்கச் சபையில் ஆள் கிடையாது. தேவன் ஒருவரே சாட்சி. இவ்வேலையில் வேதநாயகம் நற்பெயர் எடுத்தார் என்பதற்கு அவர் அடைந்த உயர்வே அத்தாட்சி. 1857-ல், வடநாட்டில் சிப்பாய்க் கலகம் மூண்ட அதே ஆண்டில், அவர் தரங்கம்பாடி முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். சுமார் 13 ஆண்டுகள் மாயூரத்தில் நீதி செலுத்தியதால் அந்த ஊர்ப் பெயரே அவருக்கு அடைமொழி ஆயிற்று.

முன்சீப் என்பவர் கொலை, கொள்ளை வழக்கு விசாரிப்பவர் அல்லர். நிலம், கடன், பாகம், வாய்க்கால் வரப்பு இவையே அவரிடம் வருபவை. காவிரிப் பாசனத்து நஞ்சை நிலத்துக்கு எவ்வளவு சண்டை இருந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில்தான் ஒரு விசுவாசியான நீதிபதிக்கு உண்மையான சங்கடம் வருகிறது. லஞ்சம் வாங்காதே என்ற கட்டளை கடினமானதாயினும் தெளிவானது. தெளிவில்லாத இடங்கள் வேறு.

நம் மலையில் ஒரு வம்பு வந்தால் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பேசித் தீர்க்கும் பழக்கம் நெடுநாள் இருந்துவந்தது. அங்கே யார் பொய் சொல்கிறார்கள் என்பது கூடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்த மரம் யார் தாத்தா நட்டது என்று எல்லாருக்கும் தெரியும். நீதிமன்றம் அப்படி அல்ல. அங்கே நீதிபதிக்குத் தாம் அறிந்தது கணக்கில்லை. பத்திரமும் சாட்சியும் சொல்வதே கணக்கு. சொந்தமாக ஓர் உண்மை தெரிந்திருந்தும், அதை மெய்ப்பிக்கச் சான்று இல்லையென்றால், எதிர்ப்பக்கமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வரலாம். 1859-ல் கடன் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் வந்தது. நாள் கடந்துவிட்டால் நியாயமான கடனும் வசூலாகாது. வாங்கியவன் வாங்கவில்லை என்று சொல்லவே வேண்டியதில்லை, நாள் கடந்துவிட்டது என்றால் போதும். அதே ஆண்டில் வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கடன் தீர்க்க முடியாதவனைச் சிறையில் வைக்கவும் இடம் இருந்தது. நம் ஆண்டவர் சொன்ன உவமையில் கடன்பட்ட ஊழியனைச் சிறையில் தள்ளியவன் கொடியவன். முன்சீப் கையெழுத்திடும் கட்டளையோ அதே காரியத்தைச் செய்யக்கூடியது.

சாட்சிகள் சங்கதி இன்னொன்று. இந்துக்களும் முகமதியரும் கங்கை நீரின் மேலும் குர்ஆன் மேலும் சத்தியம் செய்த முறையை மாற்றி, உண்மை சொல்வதாக உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று 1840-ல் சட்டம் வந்திருந்தது. கிறிஸ்தவர் மட்டும் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யும் வழக்கம் நீடித்தது. ஆக, நம்மவர் ஒருவர் வேதத்தைத் தொட்டுவிட்டுப் பொய் சொல்வதை மேசைக்கு மேலிருந்து பார்க்கும் கசப்பும் ஒரு கத்தோலிக்க நீதிபதிக்கு உண்டு.

இந்தச் சங்கடம் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். நீதிபதி தீர்ப்பளிப்பது தனி மனிதனாக அல்ல, பொது அதிகாரத்தின் பெயரால். ஆகையால் சபையில் மெய்ப்பிக்கப்பட்டதையே அவர் பின்பற்ற வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் அதோடு அவர் விடவில்லை. தமக்குத் தனிப்பட அறிந்த உண்மை நீதிபதிக்கு வீணல்ல. சாட்சிகளை இன்னும் கூர்மையாக விசாரிக்க அது உதவும். பொய்யை விசாரணையாலேயே உடைக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மேலதிகாரிக்கு அனுப்பலாம். அதுவும் ஆகாதபோது, பாவம் பொய்ச்சாட்சி சொன்னவர்கள் தலையில் விழுமே தவிர நீதிபதி மேல் அல்ல என்பது அவர் போதனை. தொழிலின் கட்டு எவ்வளவு என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் கட்டுக்குள் கை எவ்வளவு தூரம் நீளும் என்று தேடும் முறை இது. வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையைப் பார்க்கும்போது, அவர் இந்த வழியில்தான் நடந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. சட்டம் கட்டிய இடத்தில் கட்டுப்பட்டார். கட்டாத இடத்தில் சும்மா இருக்கவில்லை.

அப்படிக் கட்டாத இடங்களில் முதலாவது அவர் பேனா. முன்சீப் ஆன இரண்டாம் ஆண்டிலேயே, 1859-ல், நீதிநூல் என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். கடவுள் உண்டு என்பதில் தொடங்கி, அரசர், குடிகள், பெற்றோர், கணவன் மனைவி எல்லாருக்கும் புத்தி சொல்லும் நூல் அது. குருக்களையும் விட்டுவைக்கவில்லை, நம் பங்குத்தந்தை கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறோம். அந்நூலில் கைக்கூலி என்றொரு அதிகாரம் உண்டு. லஞ்சத்துக்கு அக்காலத்துப் பெயர் அதுதான். அதில் லஞ்சம் வாங்கும் அதிகாரியைத் திருடனோடு ஒப்பிட்டு நையப் புடைத்திருக்கிறார்.

நீதி சொல்லும் நூல் தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் இது யாரால், எப்போது, யாருக்கு முன் வெளியிடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் எழுதினால் யாருக்கு நட்டம்? இவரோ நீதிபீடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, தம்மிடம் வழக்குக்கு வரும் சனங்கள் வாழும் ஊர்களிலேயே, அவர்கள் படிக்கும் தமிழிலேயே எழுதினார். இனிமேல் அவர் ஒரு காசு வாங்கினால், அவர் பாட்டையே அவர் முகத்துக்கு முன் பாடிக்காட்டப் போகிறார்கள். தம்மை அளக்கும் படியைத் தம் கையாலேயே செய்து, தம்மால் தண்டிக்கப்படக்கூடியவர்கள் கையில் கொடுத்துவிட்டார். கடைக்காரர் ஒருவர் தம் தராசை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைப்பதற்குச் சமம் இது. சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு நாம் சொல்வது புரியும்.

இரண்டாவது காரியம் அவ்வளவு பேசப்படாதது. நம் பார்வையில் அதுவே பெரியது. அந்நாளில் சென்னையில் சதர் கோர்ட்டு என்ற மேல் நீதிமன்றம் இருந்தது. கீழ்க் கோர்ட்டுகள் எல்லாம் அதன் தீர்ப்புகளைப் பின்பற்றியாக வேண்டும். தீர்ப்புகளோ ஆங்கிலத்தில். தன் வழக்கைப் போன்ற வழக்கில் மேல் கோர்ட்டு என்ன சொன்னது என்பது வழக்காளிக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் பணம் கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் சொன்னது சரியா என்பதும் தெரியாது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862-ல் அச்சிட்டார். சுமார் 56 ஆண்டுத் தீர்ப்புகள்! பகலெல்லாம் கச்சேரி வேலை பார்த்துவிட்டு இதையும் செய்வது எவ்வளவு உழைப்பு என்று எண்ணிப்பாருங்கள். யாரும் உத்தரவிட்டுச் செய்த வேலையாக அது தெரியவில்லை. பத்திர அறையில் உட்கார்ந்திருந்த காலத்தில் கண்ட பாடம் அது: குடியானவனுக்குத் தெரியாததுதான் குமாஸ்தாவின் வருமானம். லஞ்சம் வாங்காதே என்று பாடியதோடு நில்லாமல், லஞ்சத்துக்கு வேரான அறியாமையை வெட்டப் பார்த்தார்.

நம் மலைக்குடிகளுக்கு இதன் அருமை தெரியும். படிக்கத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்த காகிதத்தால் நிலம் போனவர்களின் கதை இல்லாத ஊர் இங்கே உண்டா? நாமக்கல் கோர்ட்டுக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, அங்கே ஒரு வார்த்தையும் விளங்காமல் திரும்பி ஏறியவர்கள் நம் முன்னோர். அலுவலகத்தில் இருக்கும் நம் பிள்ளைகள், வந்து நிற்கும் ஒருவருக்கு எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதை விளங்கச் சொல்லிவிட்டாலே, நடுவில் நிற்கும் தரகனுக்கு அன்று வருமானம் இல்லை.

வேதநாயகம் பிள்ளையின் நட்பு வட்டம் தனிக்கதை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். சைவத்தில் ஊறிய அந்தப் பெரும்புலவர் ஒரு கத்தோலிக்க முன்சீப்பின் மேல் குளத்துக்கோவை என்ற நூல் பாடினார் என்றால் அந்த நட்பின் ஆழம் விளங்கும். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் அவரை மிக மதித்தார். மகாவித்துவானின் மாணவரான உ. வே. சாமிநாதையர் இவர்களைப் பற்றியெல்லாம் தம் நூல்களில் எழுதி வைத்திருப்பதால், இந்த நட்பு நமக்குத் தெரிய வருகிறது. மதம் வேறு, மனம் ஒன்று என்று மகிழ்வதோடு நாம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். நீதிபதிக்குப் புகழுரை ஒரு கண்ணி. பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். பாட்டைத் திருப்பி அனுப்ப முடியுமா? தஞ்சைச் சீமையில் நிலமுள்ளவர் எவரும் ஒருநாள் வழக்காளியாக வரக்கூடும். பதவியில் இருப்பவர் வீட்டு வாசலில் வைக்கப்படும் வாழைத்தாரில் எது அன்பு, எது அச்சாரம் என்று பிரித்தறிவது எளிதல்ல. இங்கிலாந்தின் தலைமை நீதி அதிகாரியாக இருந்த புனித தாமஸ் மோருக்கு, வழக்கில் வென்ற ஒரு பெண்மணி கையுறைகளுக்குள் பொற்காசுகளை வைத்துப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தாராம். மோர் கையுறையை ஏற்றுக்கொண்டு காசைக் கொட்டிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அன்பை அவமதிக்கவும் இல்லை, காசைத் தொடவும் இல்லை. நண்பர்களின் பாட்டை ஏற்ற வேதநாயகம் பிள்ளையையும் நாம் அந்தக் கண்ணாலேயே பார்க்கிறோம். தாமும் நண்பர்களைப் பாடினார், பாட்டுக்குப் பாட்டு அங்கேயே தீர்ந்தது.

அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று கேட்டால் தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, சத்திய வேதக் கீர்த்தனை முதலிய நூல்களைக் காட்டலாம். அன்னை மரியாள் மேல் அவருக்கிருந்த பக்தி இவற்றில் ஊறிக்கிடக்கிறது. ஆனால் அவர் பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1878-ல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். எந்த மதத்தாரும் பாடத்தக்கதாக இறைவனைப் பாடிய நூல் இது. ஒரு கத்தோலிக்கர் கிறிஸ்துவின் பெயர் சொல்லாமல் பாடலாமா என்று குறைசொல்பவர் இன்றும் சிலர் உண்டு. நமக்கு அது குறையாகத் தெரியவில்லை. பல்லாண்டு காலம் சைவரும் வைணவரும் முகமதியரும் லுத்தரன் சபையாரும் அவர் முன் கைகட்டி நின்றிருக்கிறார்கள். இந்த முன்சீப் தன் சாமியைக் கும்பிடுகிறவனுக்குச் சாதகமாகச் சொல்வார் என்ற சந்தேகம் ஒருவருக்கும் வராமல் நடப்பதே அந்தப் பதவியில் கிறிஸ்துவுக்குச் சாட்சி. கோவிலுக்குள் பாட ஒரு நூலும், ஊரோடு சேர்ந்து பாட ஒரு நூலும் அவர் எழுதினார். பிற சமயங்களில் உள்ள மெய்யும் நலமும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிக்கையிட்டது. மாயூரத்தில் அதற்கு 87 ஆண்டு முன்பே அந்த மனம் பாடிக்கொண்டிருந்தது.

பெண்கல்விக்காக 1869-ல் அவர் எழுதிய பெண்மதி மாலையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வேண்டும், இங்கே இடமில்லை.

1872-ல் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். சில ஆண்டுகளிலேயே, 1876-ல் தொடங்கி 1878 வரை, தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். மலையில் கிழங்கும் கீரையும் பிடுங்கித் தின்றாவது உயிர் பிழைக்கலாம். சமவெளியில் அதுவும் இல்லை. வேதநாயகம் பிள்ளை கஞ்சித்தொட்டிகள் வைத்துத் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்கு ஊற்றினார். பஞ்சத்தைப் பற்றி உருகிப் பல கீர்த்தனைகளும் பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அதுவரை நரஸ்துதி செய்யாதவர் என்று பெயர் பெற்றவர், இந்தத் தருமத்தைக் கண்டு வேதநாயகம் பிள்ளை மேல் ஒரு கீர்த்தனை பாடினார். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் கைநீட்டாதிருந்தவர் கை, பஞ்சத்தில் கொடுப்பதற்கு நீண்டது. சம்பளமும் குடும்பச் சொத்துமே கஞ்சியாயின என்பதை நினைக்கும்போது, வேறு வழியில் சேர்த்துப் பிறகு கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பவர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றி இந்த மலரில் எழுதுவது நாகரிகம் அல்ல.

1879-ல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவும், முன்பு செய்யுளில் சொன்ன நீதிகளைக் கதையால் விளக்கவும் அதை எழுதியதாக முன்னுரையில் அவரே குறித்திருக்கிறார். வேடிக்கைக் கதைகள் நிறைந்த நூல். நம் இளைஞர்கள் படித்தால் சிரித்து உருளுவார்கள். ஆனால் சிரிப்புக்குள்ளே பழைய முன்சீப் உட்கார்ந்திருக்கிறார். கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரி என்னும் ஊரில் அரசாட்சி செய்யும் பகுதியில், அதிகாரிகளும் நீதிபதிகளும் எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் வருகிறது. தமிழ் வழக்காளிக்காகத் தமிழ் வக்கீல் தமிழ் நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தையும் கேலி செய்கிறார். அவரைக் கட்டியிருந்த உத்தியோகக் கயிறு அவிழ்ந்தபின், உள்ளே இருந்து கண்டதையெல்லாம் வெளியே சொல்லிவிட்டார் என்றே கொள்ளலாம். ஒரு பெண் நீதி செலுத்துவதாக அக்காலத்தில் கற்பனை செய்ததும் சாதாரணமல்ல.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அயலார் ஆட்சியின் கீழ் ஊழியம் செய்தவர். அவ்வாட்சியை வாழ்த்தியும் பாடியவர். கடனாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் பிடிக்கவில்லை என்று பதவியைத் தூக்கி எறிந்தவர் அல்லர். இந்த இடத்தில் நம் மனம் வேறு இருவரை நினைக்கிறது. முன்னே சொன்ன தாமஸ் மோர், அரசன் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்து 1535-ல் தலையைக் கொடுத்தார். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாயிருந்த நம் புனித தேவசகாயம் பிள்ளை 1745-ல் திருமுழுக்குப் பெற்றார். பதவியும் மானமும் பறிக்கப்பட்டு, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்ததை நாம் எல்லாரும் கொண்டாடினோம். அவர்களுக்கு வந்தது ஒரே ஒரு பெரிய கேள்வி. அதற்கு இல்லை என்று சொல்லி உயிரைக் கொடுத்தார்கள். வேதநாயகம் பிள்ளைக்கு அப்படி ஒரு கேள்வி வரவில்லை. வந்தவையெல்லாம் சின்னக் கேள்விகள்: ஒரு நகல், ஒரு வார்த்தை, ஒரு வாழைத்தார், ஒரு நாள் தாமதம். அவை பல்லாண்டு, வாரத்துக்கு ஆறு நாள் வந்தன. அவருக்குப் பீடத்தில் சுரூபம் வைக்கமாட்டோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர்க்கு வரும் சோதனை காற்றாடிமலைச் சோதனை அல்ல, மாயூரம் கச்சேரிச் சோதனையே. விசுவாசத்தையும் அன்றாட வேலையையும் பிரித்து வைப்பதை நம் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்றாக வத்திக்கான் சங்கம் கருதியதும் இப்படிப்பட்ட வாழ்க்கையை மனதில் வைத்துத்தான்.

வேலையை விட்டுவிடுவதா, இருந்துகொண்டே திருத்துவதா என்று ஒருவர் கேட்டால் நாம் ஒரே பதில் சொல்ல முடியாது. சாராயக் கடைக் கணக்கு எழுதும் வேலை வேறு, பள்ளி ஆசிரியர் வேலை வேறு. ஆனால் இருக்கிறேன் என்று முடிவு செய்பவர், சட்டம் கட்டாத இடத்தில் தம் கை என்ன செய்கிறது என்று ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன்னால் எண்ணிப்பார்க்கலாம். வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்து சித்தாந்த சங்கிரகத்தைக் கொடுத்தார். அவர் ராஜினாமாச் செய்திருந்தால் அந்த நாற்காலியில் வேறு யார் வந்து உட்கார்ந்திருப்பார் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கடைசிக் காலத்திலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1887-ல் சுகுணசுந்தரி என்ற இரண்டாவது நாவல் வந்தது. 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் தமது 62-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் நீதி செலுத்திய மாயூரத்துக்கு இப்போது மயிலாடுதுறை என்று பெயர். 2020 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் இருக்கிறது. நீதிநூலும் பிரதாப முதலியார் சரித்திரமும் இன்றும் அச்சில் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை.